அரங்கமில்லாக் கல்லூரியின் கூடைப்பந்து

நம் நாட்டுப் பெண்கள் பாடசாலைகளில் மாலை வேளைகளில் ஆடப்பெறும் ஆட்டம் யாதென்று வினவினால், வலைப்பந்து என்று எவரும் தயங்காது விடை கூறுவர். கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையிலமைந்த எங்கள் கண்டக்குழியிலும் அஃது அப்படியே. ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளம் களப்புமாக அமைந்த இம்மணல் நிலத்திலே, கம்பங்கள் இரண்டும் அவற்றின் தலையில் இரும்பு வளையங்கள் இரண்டும் இருந்தாற் போதும், ஆட்டம் தொடங்கிவிடும். மணலிலே பந்து துள்ளாது. எனினும் வலைப்பந்தில் பந்தைத் தரையில் தட்டித் தட்டிக் கொண்டு செல்லும் முறை இல்லையாதலால், மணல் அதற்கு ஒரு தடையன்று. கூடைப்பந்துக்கோ பந்து துள்ளுவதற்குத் தகுந்த தளம் வேண்டும். தளமென்றால் சீமெந்து வேண்டும், பலகை வேண்டும், சில இடங்களிற் கூரையும் வேண்டும். சுருங்கச் சொன்னால் பணம் வேண்டும். ஆட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதற்கு மக்களின் விருப்பம் மட்டுமன்றி, அவர்தம் காலடியிலுள்ள தரையும் ஒரு காரணமாகும்.

இவ்விரண்டு ஆட்டங்களும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதைப் பலர் அறியார். 1891ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரிலே, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே சென்று விளையாட வழியின்றி அடைபட்டுக் கிடந்த மாணவர்க்கென உள்ளரங்க ஆட்டமொன்றினை வகுத்தார். பழக்கூடைகள் இரண்டினை மாடத்தின் விளிம்பில் ஆணியறைந்து மாட்டியதே அதன் தொடக்கம். அடுத்த ஆண்டே, அயலிலுள்ள ஸ்மித் பெண்கள் கல்லூரியிற் கற்பித்த சென்டா பெரென்சன் என்னும் அம்மையார் அதனைத் தம் மாணவியர்க்குப் பயிற்றினார். ஆனால் ஆடவர் ஆடியவாறே ஆட அவர் விடவில்லை. களத்தை மூன்று கூறாக்கி, ஒரு கூற்றினர் மற்றைய கூற்றினுள் நுழையலாகாது என்றார். பிறர் கையிலுள்ள பந்தைப் பறித்தல் தகாது என்றார். பந்தை மூன்று முறைக்கு மேல் தரையில் தட்டலாகாது என்றும் விதித்தார். 1893ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அக்கல்லூரியில் இரு வகுப்பினரிடையே நிகழ்ந்த முதலாட்டத்தைக் காண ஆடவர்க்கு அனுமதி இருக்கவில்லை.

அதே பத்தாண்டினுள் அவ்வாட்டம் அத்திலாந்திக் மாகடலைக் கடந்து இங்கிலாந்தை அடைந்தது. சுவீடன் நாட்டவரான மார்ட்டினா பேர்க்மன் ஒஸ்டர்பேர்க் அம்மையார் நடத்திய பெண்கள் உடற்பயிற்சிக் கல்லூரியிலே, கூடை வளையமாகியது. ஆட்டம் உள்ளரங்கிலிருந்து புற்றரைக்கு வந்தது. 1901இல் வலைப்பந்து என்ற பெயரோடு விதிநூலும் வெளிவந்தது. ஆங்கிலப் பாடசாலைகளின் வழியே அது பேரரசின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் பரந்து நம்மையும் எட்டியது. இன்றும் நம் மாணவியர் மூன்று கூறாகக் கோடிட்ட களத்தில் தத்தம் எல்லையைக் கடவாது ஆடுகின்றார்களே, அது அப்பழைய அச்சத்தின் எச்சம் எனலாம். அவுஸ்திரேலியாவிலும் நியூசீலாந்திலும் 1970 வரை இதனைப் பெண்கள் கூடைப்பந்து என்றே வழங்கினர். நாட்டுக்கு நாடு வேறுபட்டுக் கிடந்த விதிகளை ஒன்றாக்குவதற்குப் பல நாட்டுப் பிரதிநிதிகள் 1960இல் ஒன்றுகூடியது நம் இலங்கையிலேதான் என்பதை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரில் நடைபெற்ற முதலாவது உலகச் சுற்றுப்போட்டியில் ஆடிய 11 நாடுகளுள் இலங்கையும் ஒன்று. யாழ்ப்பாணத்து மங்கை தர்ஜினி சிவலிங்கம் 2019இல் லிவர்பூல் நகரில் நடந்த உலகக் கிண்ணத்தில் 348 முறை பந்தை வளையத்துள் இட்டு, அத்தொடரில் மிகுதியான கோல்களைப் பெற்ற வீராங்கனையாகத் திகழ்ந்த செய்தியை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தங்கை வீட்டுச் செய்தி இது. தமக்கை வீட்டிலே, அஃதாவது அமெரிக்கப் பெண்களின் கூடைப்பந்திலே, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் நிகழ்ந்த ஒன்றைப் பற்றியே இன்று பேச எண்ணினேன். அது ஒரு சிறு கல்லூரியின் வெற்றியைப் பற்றிய கதை. வெற்றிக் கதையாக மட்டும் அதனைச் சொல்வோர் பலர். 2011இல் திரைப்படமாகவும் அது வந்தது. திரைப்படம் வெற்றியோடு முடிந்துவிடும். வரலாறு அப்படி முடிவதில்லை.

அமெரிக்காவிற் பெண்கள் ஆடிய கூடைப்பந்து நெடுங்காலம் கட்டுக்குள்ளேயே இருந்தது. ஓடினால் உடல் நலியும், போட்டியிட்டால் பெண்மை குன்றும் என்று மருத்துவர் சிலரும் கல்வியாளர் பலரும் கருதினர். மிசிசிப்பி மாநிலத்து டெல்ரா ஸ்டேட் என்னும் கல்லூரியில் 1930களின் தொடக்கத்திலே பெண்கள் அணியொன்று நன்றாக ஆடிக் கொண்டிருந்தது. இவ்வாட்டம் இளம்பெண்களுக்குக் கடுமையானது என்று கூறிக் கல்லூரி அதனை ஒழித்துவிட்டது. அவ்வணியினர் அழுதனர், தம் ஆட்ட உடைகளைத் தீயிலிட்டு எரித்தனர். அவர்களுள் ஒருத்தி மார்கரெட் வேட். இப்பெயரைப் பின்னரும் சந்திப்போம். ஆறு பேர் ஆடும் ஆட்டம், பாதிக் களத்துக்கு மேற் செல்லலாகாத ஆட்டம், எண்ணி எண்ணிப் பந்தைத் தட்டும் ஆட்டம் எனப் பலவாறு மாறி மாறி வந்த பின், ஐவர் களம் முழுதும் ஓடி ஆடும் முறை 1971இலேதான் கல்லூரிப் பெண்களுக்கு உறுதியாக வாய்த்தது. அதே ஆண்டிற் கல்லூரிப் பெண்களின் விளையாட்டுக்கெனத் தனிச் சங்கமொன்றும் தோன்றியது. அச்சங்கம் நடத்திய முதலாவது தேசியக் கூடைப்பந்துப் போட்டி 1972ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நடைபெற்றது.

அப்போட்டிக்குச் சென்ற 16 கல்லூரிகளுள் ஒன்று இம்மாக்குலாட்டா. பென்சில்வேனியா மாநிலத்திலே, பிலடெல்பியா மாநகரின் மேற்குப் புறத்தே, அமலோற்பவ அன்னையின் பெயர் தாங்கி நின்ற கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரி அது. மரியாளின் மாசற்ற இருதயத்தின் ஊழியர் எனப்படும் கன்னியர் சபையினர் 1920இல் அதனை நிறுவினர். 1970களின் தொடக்கத்தில் அங்கே ஏறத்தாழ 800 மாணவியரே பயின்றனர். அவர்களுட் பலர் பிலடெல்பியாவின் உழைக்கும் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அந்நகரத்துப் பங்குப் பாடசாலைகளிலே பெண் பிள்ளைகள் சிறு வயது முதலே கூடைப்பந்து ஆடும் வழக்கம் நன்கு வேரூன்றியிருந்தது. ஒரு சிறு கல்லூரிக்கு நல்ல ஆட்டக்காரிகள் எங்கிருந்து வந்தார்கள் என்று வியப்போர் இதனை மறந்துவிடுகின்றனர். வானத்திலிருந்து எவரும் குதிக்கவில்லை; ஒரு நகரம் பல ஆண்டுகளாக விதைத்ததைக் கல்லூரி அறுவடை செய்தது.

கல்லூரியிடம் இல்லாதது ஆட்டக்கூடம். இருந்த கூடம் 1967இல் தீக்கிரையாகிவிட்டது. மீளக் கட்டப் பணம் இருக்கவில்லை. ஆகவே கன்னியர் மடத்துக்குரிய சிறு கூடமொன்றில் அணியினர் பயிற்சி பெற்றனர். போட்டிகள் அனைத்தையும் பிறர் களத்திற் சென்றே ஆட வேண்டியிருந்தது. ஆட்ட உடையோ, மடிப்பு மடிப்பாகத் தைத்த நீலக் கம்பளி அங்கி. கம்பளி உடுத்துக் களம் முழுதும் ஓடுவது எத்தகையது என்பதை வெப்பநாட்டினராகிய நாம் எளிதில் ஊகிக்கலாம்.

இந்நிலையிலே, 1970இல், கேத்தி றஷ் என்னும் இளம்பெண் அங்கே பயிற்றுநராக வந்தார். இருபதுகளின் தொடக்கத்திலிருந்தவர். அயலிலுள்ள வெஸ்ட் செஸ்டர் கல்லூரியில் 1968இற் பட்டம் பெற்றவர். அவருடைய கணவர் எட் றஷ், ஆடவர் தொழின்முறைக் கூடைப்பந்திலே நடுவராகப் பணியாற்றியவர். ஒரு பருவம் முழுவதற்கும் கேத்திக்குக் கல்லூரி அளித்த ஊதியம் 450 டொலர். அத்தொகையை ஏற்று வந்தவர், அத்தொகைக்கு ஏற்ற வேலையைச் செய்துவிட்டுப் போயிருந்தால் அவரை எவரும் குறைகூறியிருக்க மாட்டார்கள்.

அவர் செய்தது வேறு. பெண்களுக்கென மென்மையாக்கிய ஆட்டம் என்ற எண்ணத்தையே முதலில் அவர் கைவிட்டார். ஆடவர் அணிகள் கையாளும் உத்திகளை அப்படியே எடுத்துக் கற்பித்தார். எதிரணியினர் பந்தைக் கையிலெடுத்த கணமே களம் முழுவதும் அவர்களை மறித்து நெருக்குதல், பந்து கைக்கு வந்ததும் எதிரணி ஒழுங்குபடு முன் விரைந்து சென்று கூடையிலிடுதல், தோழிக்கு வழி திறக்கத் தன் உடலை அரணாக நிறுத்துதல் ஆகியவை அவற்றுட் சில. ஐவர் முழுக் களத்திலும் ஆடும் புதிய விதி அப்போதே வந்திருந்தது என்பதை மறக்கலாகாது. பெரிய கல்லூரிகளிலுள்ள மூத்த பயிற்றுநர்கள் பழைய முறையிலேயே பல்லாண்டு ஊறியவர்கள். இளையவரான றஷ்ஷுக்கு மறக்க வேண்டிய பழக்கம் அதிகம் இல்லை. விடாமுயற்சி அவரிடம் இருந்தது உண்மையே. ஆயினும் விடாமுயற்சியை மட்டுமே காரணமாகக் கூறுவது, ஒரு பயிற்றுநரின் அறிவைக் குறைத்து மதிப்பதாகும். விதி மாறும் காலத்தில் எவ்வாறு ஆட வேண்டும் என்பதை அவர் பிறரினும் முந்தி உணர்ந்தார்.

அணியின் நடுநாயகம் திரீசா ஷாங்க் என்ற உயரமான மாணவி. வேறொரு கல்லூரிக்குச் செல்ல எண்ணியிருந்தவள். குடும்பத்தின் வீடு தீப்பற்றி எரிந்தமையால் வீட்டாருக்கு அருகிலிருக்க வேண்டி இம்மாக்குலாட்டாவிற் சேர்ந்தாள். தீயொன்று கல்லூரியின் கூடத்தை அழித்தது. மற்றொன்று அதே கல்லூரிக்கு இவளைத் தந்தது. அணியிலிருந்த ரெனே மூத்தின் தந்தையார் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். அவருடைய கடை வாளிகளுக்கு இவ்வரலாற்றில் ஓரிடம் உண்டு.

1972ஆம் ஆண்டுப் பருவத்தில் இம்மாக்குலாட்டா ஓராட்டத்திலேனும் தோற்காது வட்டார இறுதிப் போட்டியை அடைந்தது. அங்கே எதிரே நின்றது வெஸ்ட் செஸ்டர். றஷ் தாமே படித்த கல்லூரி. அதன் பயிற்றுநரான கரல் எக்மன் அம்மையார் சாமானியரல்லர். பெண்கள் கல்லூரிகளுக்கென நாடளாவிய கூடைப்பந்துப் போட்டியொன்றை 1969இல் முதன்முதலாகக் கூட்டியவர் அவரே. அவ்விறுதிப் போட்டியில் இம்மாக்குலாட்டா 32 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. கூடைப்பந்தில் இவ்வளவு பெரிய வித்தியாசம் இடம்பெறின், தோற்றவர்க்கு ஆறுதல் சொல்வதற்கும் சொல் கிடைப்பது அரிது. ஆயினும் வட்டாரத்தில் இரண்டாமிடம் பெற்றமையால் தேசியப் போட்டிக்குச் செல்லும் தகுதி மட்டும் எஞ்சியிருந்தது. 16 அணிகளின் தரவரிசையில் இவர்களுக்குக் கிடைத்தது 15ஆம் இடம்.

போட்டி நடைபெற்ற இடம் இல்லினோய் மாநிலத்து நோர்மல் என்னும் ஊர். பென்சில்வேனியாவிலிருந்து அங்கு செல்ல வானூர்தி வேண்டும். வானூர்திக்குப் பணம் வேண்டும். மாணவியர் பற்றூரிகைகளை விற்றுப் பணம் திரட்டினர். கல்லூரித் தலைவியான அருட்சகோதரி மேரி ஒவ் லூர்தும் தம்மாலியன்றவாறு உதவினார். அவ்வளவும் சேர்ந்தும் அணியிலிருந்த 11 பேருள் 8 பேர்க்கே வழிச்செலவு கிடைத்தது. அவர்களும் ஏனைய பயணிகள் ஏறிய பின் எஞ்சும் இருக்கைகளுக்கான மலிவுச் சீட்டிலேயே பறந்தனர். மூவர் வீட்டில் இருந்தனர். வெற்றிக் கதைகளில் அம்மூவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பற்றூரிகை விற்பதில் அவர்களும் பங்குகொண்டிருப்பர் அன்றோ?

முதலாட்டத்தில் தெற்கு டக்கோட்டா மாநில அணியை வென்றனர். அடுத்து இந்தியானா மாநில அணியை இரண்டே புள்ளியில் வென்றனர். அரையிறுதியில் எதிர்ப்பட்டது, முந்திய ஆண்டில் வாகை சூடியிருந்த மிசிசிப்பி மாநிலப் பெண்கள் கல்லூரி. அதனையும் 46க்கு 43 என்ற கணக்கில் வீழ்த்தினர். நான்கு ஆட்டங்களைச் சில நாள்களுள் ஆடி முடிக்க வேண்டிய போட்டி அது. மாற்றாக இறங்குவோர் மூவர் மட்டுமே உள்ள அணிக்கு ஒவ்வோராட்டமும் முன்னையதினும் பளுவாகவே இருந்திருக்கும். மார்ச்சு 19ஆம் நாள் இறுதிப் போட்டி. எதிரே வந்தது மீண்டும் வெஸ்ட் செஸ்டர். சொந்த மாவட்டத்திற் சில மைல் தொலைவில் வாழும் இரு கல்லூரிகள், தங்களுள் வல்லவர் யார் என்பதைத் தீர்த்துக்கொள்ள நூற்றுக்கணக்கான மைல் கடந்து வேறொரு மாநிலத்துக்கு வந்து நின்றன. சில நாள்களுக்கு முன் 32 புள்ளியில் தோற்றவர்கள் இம்முறை 52க்கு 48 என்று வென்றனர்.

இவ்வெற்றியை அற்புதம் என்றே பலர் எழுதினர். கன்னியர் மடத்துக் கல்லூரியாதலின் அச்சொல் எளிதில் நாவில் வந்தது போலும். எனக்கு அது முற்றும் உடன்பாடன்று. அற்புதமாயின் ஒருமுறையோடு நின்றிருக்கும். இம்மாக்குலாட்டாவோ 1973இல் ஓராட்டத்திலும் தோற்காது, இறுதியில் நியூயோர்க்கின் குயீன்ஸ் கல்லூரியை அதன் சொந்தக் களத்திலேயே 59க்கு 52 என வென்றது. 1974இல் கன்சாஸ் மாநிலத்தில் மிசிசிப்பிக் கல்லூரியை 68க்கு 53 என வென்றது. மூன்றாண்டு தொடர்ந்து நாட்டின் முதன்மை அணி என்ற பெருமை அதற்குக் கிட்டியது. முதலாண்டில் 15ஆம் இடத்தில் வைக்கப்பட்டவர்கள் மூன்றாம் ஆண்டில் எல்லோரும் அஞ்சும் அணியாகிவிட்டனர்.

இக்காலத்திலேதான் வாளிகள் முழங்கின. மூத்தின் தந்தையார் தம் கடையிலிருந்து இரும்பு வாளிகளையும் கட்டைகளையும் கொண்டுவந்து பார்வையாளர்க்கு வழங்கினார். கன்னியர் வரிசையாக அமர்ந்து வாளிகளை அடித்து ஆரவாரித்தனர். மௌனத்தையும் செபத்தையும் வாழ்வாகக் கொண்டோர் என்று உலகம் எண்ணியிருந்தவர்கள் விளையாட்டரங்கிலே பறையறைவது போல் ஓசையெழுப்பியது கண்டு எதிரணிகள் திகைத்தன. நம் ஊர்த் திருவிழாக்களில் மேளமொலிக்கக் கேட்டு வளர்ந்த நமக்கு அதன் பொருள் விளங்கும். பிலடெல்பியாவில் அது செய்தித்தாளுக்குச் செய்தியாயிற்று.

புகழ் பெருகியது. 1975ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள், மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தை இம்மாக்குலாட்டா 80க்கு 48 என வென்ற ஆட்டம், அமெரிக்கா முழுவதும் தொலைக்காட்சியிற் காட்டப்பட்ட முதலாவது பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தாட்டமாக அமைந்தது. அடுத்த மாதம் 22ஆம் நாள் நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவயர் கார்டன் அரங்கிலே குயீன்ஸ் கல்லூரியோடு ஆடினர். அவ்வரங்கிற் கல்லூரிப் பெண்கள் ஆடியது அதுவே முதன்முறை. காண வந்தோர் 11,969 பேர். அதனைத் தொடர்ந்து ஆடவர் ஆட்டமொன்று நடக்கவிருந்தது. பெண்கள் ஆட்டம் முடிந்ததும் கூட்டத்திற் பெரும்பகுதி எழுந்து சென்றுவிட்டது! ஸ்மித் கல்லூரியில் ஆடவருக்குக் கதவடைத்து ஆடிய நாளிலிருந்து அந்நாள் வரை 82 ஆண்டுகள் கடந்திருந்தன.

இனி இக்கதையின் மற்றைப் பாதிக்கு வருவோம். இம்மாக்குலாட்டா முதல் வெற்றி பெற்ற மூன்று மாதங்களின் பின், 1972 சூன் 23ஆம் நாள், அமெரிக்கச் சனாதிபதி நிக்சன் கல்வித் திருத்தச் சட்டமொன்றில் ஒப்பமிட்டார். அதன் ஒன்பதாம் தலைப்பு, அரசின் நிதியுதவி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பால் காரணமாக எவரையும் ஒதுக்குதல் கூடாது என்று விதித்தது. சட்டத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. எனினும் ஆடவர் அணிக்குப் பெருந்தொகை செலவிடும் பல்கலைக்கழகம், பெண்கள் அணியைப் பட்டினி போட்டு வைத்தல் இனி இயலாது என்பது படிப்படியாகத் தெளிவாயிற்று. 1973இலே, நீதிமன்ற வழக்கொன்றை அடுத்து, பெண்கள் விளையாட்டுச் சங்கமும் ஆட்டத் திறமைக்கெனப் புலமைப்பரிசில் வழங்க இசைந்தது.

இதன் விளைவை ஊன்றி நோக்க வேண்டும். 1972 வரை அமெரிக்கக் கல்லூரிகளிற் பெண்கள் அணி யாவும் ஏழைகளே. பெரிய மாநிலப் பல்கலைக்கழகமானாலும், கன்னியர் நடத்திய சிறு கல்லூரியானாலும், பெண்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஒரே அளவு புறக்கணிப்பு. எல்லோரும் கையேந்தி நின்ற அந்நிலையில், நல்ல ஆட்டக்காரிகளும் கூரிய பயிற்றுநரும் வாய்த்த சிறு கல்லூரி முந்திக்கொண்டது. பெரியவர்கள் பணப்பையை அவிழ்த்ததும் அச்சமநிலை குலைந்தது. புலமைப்பரிசில் தரும் பல்கலைக்கழகம் இருக்க, கட்டணம் செலுத்திப் படிக்கும் கல்லூரியைத் திறமை மிக்க பெண்ணொருத்தி ஏன் நாட வேண்டும்? இம்மாக்குலாட்டா புலமைப்பரிசில் எதுவும் வழங்கவில்லை. வழங்கும் வசதியும் அதற்கு இல்லை.

1975இல் இறுதிப் போட்டிக்கு அது மீண்டும் சென்றது. எதிர்ப்பட்டது டெல்ரா ஸ்டேட். முன்பு உடைகளை எரித்த கல்லூரி 1973இல் அணியை மீளத் தொடங்கியபோது பயிற்றுநராக அழைத்தது அதே மார்கரெட் வேட்டைத்தான். அப்போது அவருக்கு வயது 60. அவருடைய அணியின் நடுவே நின்றவள், மிசிசிப்பிக் கிராமமொன்றில் உழவர் குடும்பத்திற் பிறந்த கறுப்பின மாணவி லூசியா ஹாரிஸ். இவளே அடுத்த ஆண்டு மொன்றியலில், பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட ஒலிம்பிக் போட்டியிலே, அவ்வாட்டத்தின் முதற் புள்ளிகளை ஈட்டியவள். டெல்ரா 90க்கு 81 என வென்றது. 1976இலும் இறுதியில் இவ்விரு அணிகளே மோதின. 69க்கு 64 என மீண்டும் டெல்ராவே வென்றது. 1977இல் இம்மாக்குலாட்டா இறுதிப் போட்டியை எட்டவில்லை.

பெண்களுக்கு நீதி வழங்க வந்த சட்டம், பெண்களுக்கென்றே வாழ்ந்த ஒரு கல்லூரியைப் பின்தள்ளிவிட்டது என்று வருந்துவோர் உளர். வருத்தம் இயல்பே. ஆனால் அதனைச் சட்டத்தின் மீது குற்றமாகச் சுமத்துதல் தகாது. சிறு கல்லூரியின் முதன்மை, ஆயிரக்கணக்கான பெண்களின் வறுமையின் மேல் நின்ற முதன்மை. அவ்வறுமை நீடித்திருந்தால் வாளிகள் இன்னும் சில ஆண்டுகள் முழங்கியிருக்கும். ஏனைய நூற்றுக்கணக்கான களங்களில் எவரும் ஆடியிருக்க மாட்டார்கள். இழப்பு வேறோரிடத்திலும் உண்டு, அதனைச் சிலரே கவனித்தனர். 1972இல் அமெரிக்கக் கல்லூரிகளிற் பெண்கள் அணிகளுக்குப் பயிற்றுநராயிருந்தோருள் நூற்றுக்குத் 90க்கு மேற்பட்டோர் பெண்களே. ஊதியம் உயர்ந்த பின் ஆடவரும் அப்பதவிகளை நாடினர். பிற்காலத்தில் அவ்விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. 450 டொலருக்கு வர ஆடவர் எவரும் அன்று போட்டியிடவில்லை.

கேத்தி றஷ்ஷின் மாணவியர் சிலர் அப்போட்டியில் இறங்கி வென்றவர்கள். திரீசா ஷாங்க், மணமான பின் திரீசா கிரென்ஸ் என்ற பெயரோடு, றட்கர்ஸ் பல்கலைக்கழக அணியை 1982இல் தேசிய வெற்றிக்கு இட்டுச் சென்றார். 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணிக்குப் பயிற்றுநராயிருந்து வெண்கலப் பதக்கம் ஈட்டித் தந்தார். மரியான் குரோபோர்ட், பின்னாளில் மரியான் ஸ்ரான்லி, ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்தை 1979, 1980, 1985 ஆகிய ஆண்டுகளில் முதன்மை அணியாக்கினார். பின்னர்த் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றியபோது, ஆடவர் அணியின் பயிற்றுநர் பெறும் ஊதியத்தையே தமக்கும் தருமாறு 1993இற் கோரினார். பல்கலைக்கழகம் இசையவில்லை. அவர் நீதிமன்றம் சென்றார், வழக்கிலே தோற்றார். ரெனே மூத், பின்னாளில் ரெனே போர்ட்லண்ட், பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 27 ஆண்டுகள் பயிற்றுநராயிருந்தார். அவருடைய புகழ் மாசற்றதன்று: வீராங்கனைகள் சிலரை அவர்தம் தனிவாழ்வின் பொருட்டு ஒதுக்கினார் என்று வழக்கெழுந்து, 2007இற் பதவி துறந்தார். ஒரு குருவிடம் கற்றோர் அனைவரும் ஒரே தன்மையராய் விளங்குவர் என்று எந்தப் பாடசாலையும் உறுதி கூற இயலாது. இதனை நீண்ட காலம் வகுப்பறையில் நின்ற எவரும் அறிவர்.

பெண்களின் கல்லூரிக் கூடைப்பந்தைப் பெரிய தேசியச் சங்கம் 1982இல் தன் பொறுப்பில் ஏற்றது. பெண்கள் தாமே நடத்திய பழைய சங்கம் அதே ஆண்டில் மறைந்தது. இம்மாக்குலாட்டா 2005 முதல் ஆடவரையும் பட்டப்படிப்பு மாணவராகச் சேர்த்தது. நெய்ஸ்மித்தின் பெயரால் ஸ்பிரிங்பீல்ட் நகரில் அமைந்துள்ள புகழ் மண்டபத்தில் கேத்தி றஷ் 2008இற் சேர்க்கப்பட்டார். 2014இல் 1972 முதல் 1974 வரை ஆடிய அணி முழுவதும் சேர்க்கப்பட்டது. பெண்கள் கல்லூரி அணியொன்றுக்கு அம்மண்டபம் அளித்த முதல் இடம் அது.

றஷ் இம்மாக்குலாட்டாவை விட்டு விலகியது 1977இல். அப்போது அவருக்கு வயது 30. ஏழு பருவங்களில் அவரது அணி 149 ஆட்டங்களில் வென்று 15இல் தோற்றிருந்தது. எந்தப் பெரிய பல்கலைக்கழகத்திலும் அதன் பின் அவர் பயிற்றுநராக அமரவில்லை. சிறுமியர்க்குக் கூடைப்பந்து கற்பிக்கும் கோடை முகாம்களை நடத்துவதில் ஈடுபட்டார்.